அரசலாற்றங்கரைக் குடும்பம்: ஆடி அமாவாசைக்கு எந்தக் கரை?

2026 ஜூலை 5, ஞாயிறு

[18:02] குமரன் அண்ணன் (லியோன்): அனைவருக்கும் வணக்கம். அப்பாவின் வருஷத் திதி தை மாதத்தில் முடிந்துவிட்டது. அதற்குப் பின் வரும் முதல் ஆடி அமாவாசை ஆகஸ்ட் 12, புதன்கிழமை. எள்ளும் தண்ணீரும் இறைக்க, ஆறும் கடலும் கூடும் இடத்துக்குத்தான் போக வேண்டும் என்று செல்வி அத்தை சொல்கிறார்கள். லியோனில் எங்கள் வீட்டுக்குக் கீழே ஓடும் ரோன் ஆறு பிரான்சின் தெற்கே கமார்க்கில் கடலைச் சேர்கிறது. அங்கே எந்தக் கரைக்குப் போகலாம்? நான் விடுப்புக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், இந்த வாரத்துக்குள் தெரிந்தால் நல்லது.

[18:05] செல்வி அத்தை: நான் சொன்னது உண்மைதான். பூம்புகாரில் காவிரி கலக்கும் இடத்தில் நம் அப்பாவுக்குச் சின்ன அண்ணன் இறைத்ததைக் கரையில் நின்று பார்த்தவள் நான். அந்தச் சின்ன அண்ணனுக்கே இப்போது குழாயடியில் செய்வதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. கூட்டம் இல்லாத கரையாக இருக்கட்டும்.

[18:06] தீபன்: நானும்.

[18:09] பெரியப்பா (சார்செல்): தீபா, "நானும்" என்பது வாக்கியம் ஆகாது. இந்தக் குழுவைத் தொடங்கிய அன்றே முழு வாக்கியமாக எழுத வேண்டும் என்று விதி வைத்தோம். செல்வி, மூத்தவன் இருக்க இளையவன் இறைத்தான் என்று சொல்லிக் காட்டுகிறாயா? பட்டாளத்தில் எனக்கு விடுப்புத் தரவில்லை என்பதை இன்னும் எத்தனை முறை எழுதுவது?

[18:10] செல்வி அத்தை: நான் அப்படி எதுவும் எழுதவில்லை, அண்ணா.

[18:10] தீபன்: நானும் வருகிறேன்.

[18:21] மார்செய் மாமா: குமரா, இந்தப் பக்கத்தில் முப்பது ஆண்டுகளாக இருப்பவன் என்ற உரிமையில் சற்று விரிவாக எழுதுகிறேன், எல்லோரும் பொறுத்துக்கொள்ளுங்கள். ரோன் ஆறு ஆர்ல் நகருக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிகிறது. கிழக்கே போவது பெரிய ரோன், மேற்கே போவது சின்ன ரோன். பத்தில் ஒன்பது பங்குத் தண்ணீர் பெரியதில்தான் போகிறது. இரண்டுக்கும் நடுவே கிடக்கும் ஏரி, சதுப்பு, நெல்வயல், உப்பளம் எல்லாம் சேர்ந்ததுதான் கமார்க். சின்ன ரோன் சேந்த் மரி ஊருக்கு மேற்கே கடலில் விழுகிறது. அந்த ஊரில் தேவாலயம், கடைத்தெரு, வண்டி நிறுத்தும் இடம் என்று எல்லா வசதியும் உண்டு, ஆனால் ஆகஸ்டில் அங்கே தேர்த்திருவிழாக் கூட்டம் இருக்கும். பெரிய ரோனின் முகத்துவாரத்துக்கு அருகில் இருப்பது பியெமான்சோன் கரை. ஆர்லிலிருந்து சலான் த ஜிரோ என்னும் உப்பளத்து ஊர் வரை சுமார் 40 கிலோமீட்டர் போய், அதற்கு அப்பால் உப்புநீர்க் குட்டைகளுக்கு நடுவே இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போக வேண்டும். சாலை முடியும் இடத்தில் மணல் தொடங்கும். கடை இல்லை, மரம் இல்லை, ஒரு சுவர்கூட இல்லை. அத்தைக்கு அமைதி வேண்டும் என்றால் அங்கேதான் போக வேண்டும்.

[18:24] நளினி: மாமா, "பொதுக்" என்று ஒரு கரையையும் முன்பு சொல்வீர்களே?

[18:25] பெரியப்பா (சார்செல்): பொதுக் என்ற பெயரை இந்தக் குழுவில் யாரும் எடுக்க வேண்டாம். 2011இல் மைத்துனர் காட்டிய குறுக்குப் பாதையில் வண்டி மணலில் அச்சு வரை புதைந்தது. இழுவை வண்டிக்குப் பணம் கொடுத்தவன் யார் என்பதை எல்லோரும் மறந்துவிட்டார்கள், நான் மறக்கவில்லை.

[18:27] மார்செய் மாமா: பாதையில்தான் போகச் சொன்னேன், ஓரத்தில் ஒதுங்கச் சொல்லவில்லை.

[18:28] தீபன்: அந்தப் படம் என்னிடம் இருக்கிறது.

[18:28] பெரியப்பா (சார்செல்): அதை அனுப்ப வேண்டாம்.

[18:33] குமரன் அண்ணன் (லியோன்): பொதுக் வேண்டாம். சேந்த் மரியா, பியெமான்சோனா என்பதை மட்டும் பேசுவோம். அம்மாவால் மணலில் நெடுந்தூரம் நடக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

[18:34] லதா சித்தி: நான் நடப்பேன்.

[18:41] பெரியப்பா (சார்செல்): எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. சங்கமம் என்றால் இரண்டு தண்ணீரும் கூடும் இடத்திலேயே இறங்க வேண்டும். பியெமான்சோன் முகத்துவாரத்துக்கு "அருகில்" என்று எழுதியிருக்கிறீர்கள். அருகில் இருப்பது சங்கமம் ஆகுமா?

[18:55] மார்செய் மாமா: நியாயமான கேள்வி. முகத்துவாரத்தில் இறங்கவே கூடாது. ரோன் வினாடிக்குச் சராசரியாக 1,700 கனமீட்டர் தண்ணீர் கொண்டுவரும் ஆறு, அதில் பெரும்பகுதி அந்த ஒரே வாய் வழியாகக் கடலைத் தள்ளிக்கொண்டு போகிறது. பூம்புகாரில் முழங்கால் அளவில் நின்றவர்கள் அந்த நினைப்பில் இங்கே இறங்கினால் ஆள் நிற்க முடியாது. ஆனால் அந்தத் தண்ணீர் நேராகக் கடலுக்குள் போய் மறைந்துவிடுவதில்லை. இந்தக் கடலோர நீரோட்டம் மேற்கு நோக்கிப் போவதால், ஆற்றின் கலங்கல் நீர் பெரும்பாலும் முகத்துவாரத்துக்கு மேற்கே கரையை ஒட்டிப் பரவுகிறது. பியெமான்சோன் இருப்பது அந்த மேற்குப் பக்கத்தில்தான். அங்கே காலுக்குக் கீழே இருக்கும் மணலும் ரோன் கொண்டுவந்து போட்டதுதான். கடல் நெடுந்தூரம் இடுப்பளவுக்கு மேல் ஏறாது, காரைக்கால் கடல்போல நாலடியில் ஆழம் காட்டாது. ஆகவே ஆற்றைத் தேடி நாம் போக வேண்டியதில்லை, ஆறே அங்கு வருகிறது.

[18:57] செல்வி அத்தை: எனக்கு இது போதும்.

[18:58] பெரியப்பா (சார்செல்): எனக்குப் போதவில்லை. இருந்தாலும் யோசிக்கிறேன்.

[19:04] மார்செய் மாமா: இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது. அந்தக் கரையின் ஒரு பகுதியில் ஆடையின்றி இருப்பவர்களுக்கு இடம் உண்டு. நாம் வேறு பகுதியில்தான் இருப்போம்.

[19:05] தீபன்: எனக்குத் தெரியும்.

[19:05] பெரியப்பா (சார்செல்): உனக்கு எப்படித் தெரியும் என்பதை முழு வாக்கியத்தில் எழுது.

[19:06] நளினி: அப்பா, தயவுசெய்து விடுங்கள்.

[19:12] செல்வி அத்தை: அது அவர்கள் விருப்பம். எனக்குக் கொசுவைப் பற்றித்தான் கவலை. சதுப்பு என்று சொல்கிறீர்களே, பாரிஸ் பக்கத்துச் சார்செல் கொசுவே என்னை விட்டுவைக்கவில்லை.

[19:24] மார்செய் மாமா: கொசு உண்டு. அதில் ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை. அந்தி வேளையில் சதுப்பு ஓரம் நின்றால் சட்டைக்கு மேலேயே கடிக்கும். சலான் த ஜிரோ பக்கத்தில் 2006 முதல் ஒரு வகை பாக்டீரியா மருந்தைத் தெளித்துக் கொசுப் புழுக்களைக் கொன்றார்கள். கொசு குறைந்ததும் அதைத் தின்று வளரும் தகைவிலான் குருவிகளின் கூடுகளில் குஞ்சுகளும் குறைந்தன என்று அங்கேயே 1954 முதல் இயங்கும் தூர் து வலா ஆய்வு நிலையத்தார் கண்டறிந்தார்கள். எனக்கு அதைப் படித்த நாள் முதல் கொசுவின் மீது கொஞ்சம் இரக்கம்தான். நமக்குச் செய்ய வேண்டியது ஒன்றே: காலையில் போய் நண்பகலுக்குள் திரும்பிவிட வேண்டும். மிஸ்த்ரால் என்னும் பலத்த வடகாற்று அடித்தால் கொசு இராது, ஆனால் கட்டிக்கொண்டுபோன சோற்றில் மணல் இருக்கும்.

[19:26] நளினி: காலையில் போவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அன்று சூரிய கிரகணம் என்பதை யாராவது கவனித்தீர்களா?

[19:27] பெரியப்பா (சார்செல்): என்ன கிரகணம்? சுவரில் தொங்கும் காரைக்கால் நாட்காட்டியில் அப்படி ஒன்றும் இல்லையே.

[19:31] நளினி: இந்தியாவில் அப்போது நள்ளிரவை நெருங்கியிருக்கும் என்பதால் அங்கே தெரியாது, அப்பா. ஸ்பெயினில் முழுக் கிரகணம். கமார்க்கில் மாலை எட்டு மணிக்கு மேல், சூரியன் இறங்கும் நேரத்தில், பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மறையும்.

[19:32] தீபன்: அத்தான், ஸ்பெயினுக்குப் போகலாமா?

[19:33] குமரன் அண்ணன் (லியோன்): தீபா, நாம் திதி கொடுக்கப் போகிறோம்.

[19:40] செல்வி அத்தை: தெரியாத ஊரில் கிரகண விதி கிடையாது. தெரிகிற ஊரில் உண்டு. நாம் இருக்கப்போவது தெரிகிற ஊரில். ஆகவே காலையில் இறைத்துவிட்டு, கிரகணத்துக்கு முன்பே சாப்பிட்டு முடித்து, விட்ட பிறகு தலைமுழுக வேண்டும். கர்ப்பிணி யாரும் வரவில்லை அல்லவா?

[19:41] நளினி: என்னைக் கேட்கிறீர்கள் என்றால், இல்லை, அத்தை.

[19:48] மார்செய் மாமா: நளினி சொன்னது மிக முக்கியமானது. கமார்க் தட்டையான நிலம், அடிவானம் வரை கண்ணை மறைக்க ஒன்றும் இல்லை. கிரகணம் பார்க்க மாலையில் எல்லோரும் அந்தக் கரைக்கே வருவார்கள். முன்பு கோடை முழுவதும் ஆயிரக்கணக்கானோர் வீட்டுவண்டிகளோடு பியெமான்சோனில் குடியிருந்தார்கள். 2016இல் அதற்குத் தடை வந்தது, அதன் பிறகுதான் அந்தக் கரைக்கு அமைதி திரும்பியது. இரவு தங்க முடியாது, நெருப்பு மூட்ட முடியாது. கற்பூரமும் நெருப்புதான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இலை, பூ, கயிறு எதையும் விட்டுவிட்டு வரக் கூடாது, பையில் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

[19:50] பெரியப்பா (சார்செல்): கற்பூரம் இல்லாமல் எப்படி?

[19:51] செல்வி அத்தை: எள்ளும் தண்ணீரும்தான் முக்கியம், அண்ணா.

[19:58] செல்வி அத்தை: சேந்த் மரியில் கருப்பு அம்மன் இருப்பதாக லதா சொன்னாளே, அது என்ன?

[20:11] மார்செய் மாமா: அம்மன் அல்ல, சாரா என்னும் புனிதை. தேவாலயத்தின் நிலவறையில் கறுத்த திருமேனி, வருவோர் எல்லாம் சாத்திய அங்கிகளால் மூடப்பட்டு நிற்கிறது. ஆண்டுதோறும் மே 24 அன்று ஜிப்சி மக்கள் அவளைத் தோளில் சுமந்து, வெள்ளைக் குதிரைகள் சூழ, கடலுக்குள் இறங்குகிறார்கள். 1935 முதல் இந்தக் கடல் ஊர்வலம் நடக்கிறது. அவர்கள் அவளைச் "சாரா காலி" என்கிறார்கள். அவர்கள் மொழியில் "காலி" என்றால் கறுப்பி. அவர்களுடைய முன்னோர் வட இந்தியாவிலிருந்து வந்தவர்கள், மொழியும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதனால் சொல் ஒன்றாக இருக்கிறது. அவள் நம் காளிதான் என்று அதற்கு மேல் போக என்னால் முடியாது.

[20:12] செல்வி அத்தை: என்னால் முடியும். திரும்பும் வழியில் அவளைப் பார்த்துவிட்டு வருவோம்.

[20:14] குமரன் அண்ணன் (லியோன்): அத்தை, அது திரும்பும் வழி அல்ல. நடுவில் வக்காரெஸ் ஏரி கிடக்கிறது. கடலோர அணையில் வண்டி விடமாட்டார்கள், ஏரியைச் சுற்றித்தான் போக வேண்டும்.

[20:15] செல்வி அத்தை: சுற்றுவோம். சாவதற்குள் இன்னொரு முறை விசா கிடைக்கும் என்று யாருக்குத் தெரியும்?

[20:17] நளினி: பூநாரைகளையும் பார்க்கலாம், அத்தை. கோடியக்கரைக்கு வரும் அதே இனம்தான். 1970இல் அவற்றுக்கென்று ஓர் ஏரிக்குள் செயற்கைத் தீவு கட்டி, 1974இல்தான் அவை அதை ஏற்றுக்கொண்டு முட்டையிட்டன. நாலு வருடம் யோசித்திருக்கின்றன.

[20:18] தீபன்: பெரிய மாமாவைப் போல.

[20:19] பெரியப்பா (சார்செல்): இதற்கு மட்டும் இலக்கணப் பிழை சொல்லாமல் விடுகிறேன்.

[20:36] லதா சித்தி: எல்லோரும் எழுதிவிட்டீர்கள், நானும் எழுதுகிறேன். 2011இல் பொதுக்கில் வண்டி புதைந்தபோது நீங்கள் இருவரும் கத்திக்கொண்டிருந்தீர்கள். அவர் மட்டும் என்னை அழைத்துக்கொண்டு உப்புக் குட்டை ஓரம் நடந்தார். அங்கே சிவப்பும் பச்சையுமாக உமரிச் செடி படர்ந்திருந்தது. காரைக்காலில் அரசலாற்று முகத்துவாரத்தில் சின்ன வயதில் பறித்து மென்ற செடி என்று சொல்லி, ஒரு தண்டைக் கிள்ளி வாயில் போட்டு, அதே உப்பு என்றார். தண்ணீருக்குள் பின்புறமாக நடந்தபடி வலைக்கூடையை இழுத்து மட்டி வாரிய ஒருவரோடு, பேச மொழி போதாமல், அரை மணி நேரம் பேசினார். மறுபடியும் வர வேண்டும், ஆனால் இவர்கள் இல்லாமல் வர வேண்டும் என்று சொன்னார்.

[20:44] பெரியப்பா (சார்செல்): பியெமான்சோனுக்கே போவோம்.

[20:45] மார்செய் மாமா: லதா, அந்த மட்டிக்குத் தெலின் என்று பெயர். பூண்டும் எண்ணெயும் சேர்த்து

[20:45] மார்செய் மாமா: மன்னிக்கவும். பிறகு எழுதுகிறேன்.

[20:52] குமரன் அண்ணன் (லியோன்): அப்படியானால் புதன் காலை எட்டு மணிக்குக் கரையில் இருக்க வேண்டும். நாங்கள் முதல் நாளே லியோனிலிருந்து கிளம்பி ஆர்லில் தங்குகிறோம். மாமாவும் தீபனும் மார்செயிலிருந்து வந்து, பெரிய ரோனை வண்டி ஏற்றும் படகில் கடக்கலாம். பெரியப்பா ரயிலில் வருவதா, நளினியின் வண்டியில் வருவதா?

[20:53] பெரியப்பா (சார்செல்): அதைப் பிறகு சொல்கிறேன்.

[20:54] நளினி: என் வண்டியில் என்றால், வழியில் இழுவை வண்டிக் கதை சொல்லக் கூடாது என்பது என் நிபந்தனை.

[20:58] செல்வி அத்தை: எள் என்னிடம் இருக்கிறது, நான் கொண்டுவருகிறேன்.

[20:59] மார்செய் மாமா: எள் நான் வாங்கி வைத்துவிட்டேன்.

[21:00] பெரியப்பா (சார்செல்): எள் மூத்தவன் கொண்டுவர வேண்டியது.

[21:01] லதா சித்தி: பச்சரிசி யார் கொண்டுவருவது?

[21:06] தீபன்: கமார்க்கிலேயே நெல் விளைகிறது. ஆர்லில் வாங்கிக்கொள்ளலாம்.

[21:09] மார்செய் மாமா: தீபன் சொல்வது சரி. உப்புப் பூத்த நிலத்தில் ரோன் தண்ணீரைத் தேக்கி நெல் நட்டால் உப்பு கீழே இறங்கிவிடும், பிறகு கோதுமை வைக்கலாம். 1940களில் இந்தோசீனாவிலிருந்து கொண்டுவந்த தொழிலாளர்களை வைத்துத்தான் இங்கே நெல்லை மறுபடியும் நிலைநிறுத்தினார்கள்.

[21:11] பெரியப்பா (சார்செல்): என்னோடு சார்செலில் சீட்டாடும் கிழவர் ஒருவரின் தந்தையும் அப்படி வந்தவர்தான். அவர்களைக் கேட்டுக் கொண்டுவரவில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்த என்னைப் போன்ற சொல்தாக்களாவது கையெழுத்துப் போட்டு வந்தோம்.

[21:12] நளினி: ஆனால் அங்கே பெயர் பெற்றது சிவப்பரிசி. எள்ளோடு சிவப்பரிசி சேர்க்கலாமா?

[21:13] பெரியப்பா (சார்செல்): செல்வி, காரைக்காலில் ஐயரிடம் கேட்டுச் சொல்.

[21:14] செல்வி அத்தை: அங்கே இப்போது நள்ளிரவு தாண்டி முக்கால் மணி ஆகிறது. காலையில் கேட்கிறேன்.