ரிப்பிள் ஸ்டிட்ச்: அலைத்தையலா, நெளிப்பின்னலா?

வணக்கம் எல்லாருக்கும்.

அக்கா பட்டை பட்டையா கலர் வர்ற மடிப்போர்வைக்கு (மடியில போட்டுக்குற சின்னப் போர்வை) குரோஷே, அதாவது கொக்கி ஊசிப் பின்னல், செய்முறை எழுதிட்டு இருக்காங்க, அதுல ரிப்பிள் ஸ்டிட்ச்சுக்கு, அதாவது வரிசையெல்லாம் மேலும் கீழுமா அலை மாதிரி போற டிசைனுக்கு, தமிழ்ல என்ன சொல் போடலாம்னு கேட்டிருந்தாங்க, இதுவரைக்கும் அலைத்தையல், அலைப்பின்னல், திரைத்தையல், வளைவுப்பின்னல்னு நாலு வந்திருக்கு. என் ஓட்டு நெளிப்பின்னல். ஏன்னு கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

முதல்ல தையலை விட்டுடலாம். தையல்னா ஏற்கனவே இருக்குற துணியில ஊசி ஏறி இறங்குறது. குரோஷேல துணியே கிடையாது, கொக்கி ஊசியால வளையத்துக்குள்ள வளையமா நூலை இழுத்து நாமதான் துணியை உண்டாக்குறோம். இன்னொண்ணு, இங்கிலீஷ்ல ஒத்தை வளையமும் ஸ்டிட்ச்தான், அது நூறு சேர்ந்து வர்ற டிசைனும் ஸ்டிட்ச்தான், அந்தக் குழப்பத்தை நாம ஏன் தூக்கிட்டு வரணும், "இந்தத் தையலுக்கு 14 தையல்"னு எழுதுனா புதுசா கத்துக்குறவங்க என்ன பண்ணுவாங்க? வலைக்கும் சங்கிலிக்கும் கண்ணின்னு நம்மகிட்ட அருமையான சொல் இருக்கு. தனியா ஒண்ணுன்னா கண்ணி, சேர்ந்த டிசைன்னா பின்னல்.

இப்ப அலைக்கு வரேன். நாம அலைன்னு ஒரே பேர்ல பேசிட்டு இருக்குறது ரெண்டு வேற வேற வேலை. ஒண்ணு, எல்லாக் கண்ணியும் ஒரே உயரம், மேட்டு உச்சியில கண்ணி எண்ணிக்கையைக் கூட்டுறோம், பள்ளத்துல அதே அளவு குறைக்கிறோம், அதனால வரிசையே நெளிஞ்சு போகுது, போர்வையோட மேல் ஓரமும் கீழ் ஓரமும் நெளிவாவே நிக்கும். இன்னொண்ணுல கூட்டல் குறைத்தலே இல்ல, குட்டைக் கண்ணியில ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா நெட்டைக்குப் போய் திரும்ப குட்டைக்கு வர்றோம், அடுத்த பட்டையில நெட்டை இருந்த இடத்துல குட்டை, குட்டை இருந்த இடத்துல நெட்டை, அப்ப பள்ளம் நிரம்பி ஓரம் நேரா வந்துடும். அலைங்கறது இந்த ரெண்டாவதுக்குத்தான் பொருந்துது, ஏன்னா அங்க நிஜமாவே உயரம் ஏறி இறங்குது. முதலாவதுக்கு நெளிதான் சரி. நெளி மோதிரம், நெளிநெளியான முடின்னு சொன்ன உடனே அந்த உருவம் கண்ணு முன்னாடி வந்துடுது இல்லையா, அப்புறம் என்ன வேணும். ஒரே கண்ணியில மூணு போட்டு முனை கூரா V மாதிரி வர்ற ஷெவ்ரான் டிசைனை கூர்நெளின்னு சொல்லிக்கலாம்.

திரை பழைய தமிழ்ல அலைதான், எனக்கும் பிடிச்ச சொல், ஆனா இன்னைக்கு படிக்கிறவங்களுக்கு ஜன்னல் திரை பின்றோம்னுதான் தோணும். வளைவு ரொம்பப் பொதுவா இருக்கு.

மேடு பள்ளத்துக்கு ஸ்கூல் இயற்பியல்ல படிச்ச முகடு, அகடு ரெண்டையும் அப்படியே எடுத்துக்கலாம். இது அவசியம் தேவை, ஏன்னா எல்லாரும் தப்பு விடுறது அங்கதான். நானே ஒரு தடவை அகட்டுல குறைக்க மறந்து எட்டு வரிசை போனதுக்கப்புறம்தான் போர்வை ஒரு பக்கமா அகலமாகிட்டே போறதைப் பாத்தேன், எட்டையும் பிரிச்சேன்.

ஸ்ட்ரைப்புக்கு வரின்னு ஒருத்தர் சொன்னார், வரிக்குதிரை மாதிரி, நல்ல சொல்தான், ஆனா ரோவுக்கு வரிசைன்னு வச்சுட்டோம், ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வந்தா கண்ணு தடுமாறும். பட்டைன்னே இருக்கட்டும். மடிப்போர்வைன்னா மடிக்கிற போர்வைன்னு ஆகிடாதான்னு கேட்டாங்க, மடிக்கணினிக்கும் இதே கேள்வி வந்துருக்கும், பழகிடுச்சு.

சிங்கிள், டபுள்ங்கற கண்ணிப் பேர்களை ஒற்றை, இரட்டைன்னு மட்டும் மொழிபெயர்த்துடாதீங்க தயவுசெஞ்சு. அமெரிக்காவுல சிங்கிள்னு சொல்றது பிரிட்டன்ல டபுள், அமெரிக்க டபுள்னா பிரிட்டன்ல ட்ரெபிள். உயரத்தை வச்சு குட்டை, நடு, நெட்டைன்னு பேர் வச்சா எந்த நாட்டு புத்தகத்தைப் பாத்தாலும் சிக்கல் இல்ல.

அக்கா, இந்த வரியை மட்டும் படிச்சு ஒரு வரிசை போட்டுப் பாருங்க, எந்தச் சொல்லுல கை நிக்குதோ அதை மாத்திடலாம்:

"முதல் கண்ணியில 2 நெட்டைக் கண்ணி. அடுத்து 4 நெட்டை, அகட்டுல ரெண்டு ரெண்டு கண்ணியா சேர்த்து 2 தடவை குறை, 4 நெட்டை, முகட்டுல அடுத்தடுத்த 2 கண்ணியிலயும் ரெண்டு ரெண்டு நெட்டை. இதையே திரும்பத் திரும்பப் போடு. கடைசி முகடு பாதிதான் வரும், அதனால கடைசிக் கண்ணியில 2 நெட்டையோட நிறுத்து. 2 வரிசைக்கு ஒரு பட்டை, கலர் மாத்தும்போது கடைசிக் கண்ணியோட கடைசி இழுப்பை புது நூல்ல இழு."