‘முத்தியால்பேட்டை வீடு’ குழுவில் ஒரு பேஸ் கிட்டார்

*ஞாயிறு, ஆகஸ்டு 31*

பெரியப்பா 8:02: இனிய ஞாயிறு காலை வணக்கம் 🌹🙏

நான் 8:47: பரண் காலி பண்றோம். உரச் சாக்குல சுத்தி இது கிடைச்சுது. (படம்) (படம்)

தம்பி 8:48: சின்ன தாத்தா கிட்டாரா???

நான் 8:48: ஆமாடா. நாலு கம்பி. பேஸ். கம்பியெல்லாம் துருப்பிடிச்சு கருவாடு மாதிரி இருக்கு.

கடலூர் அத்தை 8:55: அய்யோ எங்கப்பாவோடது. தானே புயல்ல ஓடு பறந்தப்ப அதோட போயிடுச்சின்னு இல்ல சொன்னீங்க

பெரியப்பா 8:57: நான் சொல்லல. வீட்ல சொன்னா.

பெரியப்பா 8:58: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கடலூர் அத்தை 8:59: நீக்குறதுக்குள்ள படிச்சிட்டேன் அண்ணே

பெரியப்பா வீட்டு அண்ணன் 9:10: ரோஸ்வுட், ஜெர்மன் ஐட்டம்னு தாத்தா சொல்லுவாரு. பழைய கிட்டாரெல்லாம் வெளிநாட்ல லட்சக்கணக்குல போகுது. யாரும் கை வைக்காதீங்க. ஃபோட்டோ போட்டு விலை கேக்கறேன்.

பாரிஸ் சித்தப்பா 12:31: இப்பதான் எழுந்தேன். பாப்பா, பின்னாடி கழுத்து சேர்ற இடத்துல நாலு ஸ்க்ரூ போட்ட தகடு இருக்கும். அதுல என்ன எழுதியிருக்கு?

நான் 12:36: மேட் இன் ஜப்பான். அவ்ளோதான் சித்தப்பா. தலையில கம்பெனி பேர் இருந்த இடத்துல ரெண்டு ஆணி ஓட்டைதான் இருக்கு.

பாரிஸ் சித்தப்பா 12:44: நெனச்சேன். 60, 70கள்ல ஜப்பான் ஃபேக்டரிங்க இந்த மாதிரி ஆயிரக்கணக்குல செஞ்சாங்க. உருப்படி ஒண்ணுதான், வாங்கறவன் கேட்ட பேர ஒட்டி அனுப்பிடுவாங்க. புதுசா கத்துக்கற பசங்களுக்கான மலிவு சரக்கு. இங்க பழைய சாமான் சந்தையில இன்னைக்கும் கிடக்கும்.

பெரியப்பா வீட்டு அண்ணன் 12:46: ஓ

தம்பி 12:46: லட்சம் போச்சே 😂

கடலூர் அத்தை 12:52: மலிவோ என்னமோ. ரோடியர் மில்லுல ஷிப்ட் முடிச்சி வந்து அப்படியே இத தூக்கிக்கிட்டு கச்சேரிக்குப் போவாரு. எங்க மூணு பேர் ஸ்கூல் ஃபீஸு அதுல கட்டினதுதான். விக்கிறதுன்னா என்கிட்ட கேட்டுட்டு வில்லுங்க

அம்மா 12:58: யாரும் விக்கல. மொதல்ல கூடத்துலேர்ந்து அத எடுக்கச் சொல்லுங்க. சாக்குலேர்ந்து பாச்சை பாச்சையா வருது.

*புதன், செப்டம்பர் 3*

நான் 20:15: சரி, நானே சரிபண்ணப் போறேன். மெரூன் பெயிண்ட் அசிங்கமா இருக்கு. அத சுரண்டறதுலேர்ந்து ஆரம்பிக்கறேன்.

மாமா 20:19: பாப்பா நில்லு. பெயிண்ட் கடைசி. கழுத்து நேரா இருக்கா, உள்ள ஒயர் உயிரோட இருக்கா, அதப் பாக்காம மேல மினுக்கி என்ன புண்ணியம். நாப்பது வருஷம் டி.வி. ரிப்பேர் பார்த்தவன் சொல்றேன். கேபினெட்ட தொடச்சிக் குடுத்துட்டு பிக்சர் வரலன்னா கஸ்டமர் திட்டுவான்.

பெரியப்பா 20:24: மாப்ளே சொல்றது கரெக்ட்.

பாரிஸ் சித்தப்பா 21:40: மாமா சொல்றபடி செய்மா. பழைய கம்பிய ஒரேயடியா வெட்டிடாத, முறுக்கிய தளர்த்தித் தளர்த்திக் கழட்டு. அப்புறம் ஒரு நீட்டு ஸ்டீல் ஸ்கேல கழுத்து மேல நிமிர்த்தி வெச்சு நடுவுல எவ்ளோ இடைவெளின்னு பாரு.

*சனி, செப்டம்பர் 6*

நான் 11:05: எட்டாவது கட்டை (ஃப்ரெட்) கிட்ட ரெண்டு மில்லி மீட்டர் இடைவெளி சித்தப்பா. கழுத்து வில்லு மாதிரி முன்னாடி வளைஞ்சிருக்கு.

பாரிஸ் சித்தப்பா 13:20: கம்பி இழுத்த இழுவையிலயே பரண்ல கிடந்திருக்கு இல்ல, வளையாம என்ன செய்யும். கழுத்துக்குள்ள ஒரு இரும்புக் கம்பி ஓடும், ட்ரஸ் ராட்னு பேரு. அதோட நட்டு தலைப்பக்கம் இல்லன்னா அடிப்பக்கம் இருக்கும், கழுத்தக் கழட்டினாத்தான் தெரியும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறவை. அப்புறம் வலப்பக்கமா கால் சுத்து. கால் சுத்துதான்! கம்பி ஏத்தி ஒரு நாள் விட்டுப் பாரு, பத்தலைன்னா மறுபடி கால். அவசரப்பட்டா நட்டு மரை போயிடும், இல்ல ராடே முறிஞ்சிடும். அதுக்கப்புறம் நானே வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது.

நான் 17:42: கழுத்தக் கழட்டிட்டேன். இதப் பாருங்க எல்லாரும். (படம்)

நான் 17:43: கழுத்து உக்கார்ற பள்ளத்துல, பிரிட்ஜ் (கம்பியோட அடிமுனைய மாட்டற தகடு) பக்க ஓரமா, மடிச்ச அட்டை ஒண்ணு இருந்துச்சு. கல்யாணப் பத்திரிகையோட மூலை. மஞ்சள் தடவின கறை அப்படியே இருக்கு.

கடலூர் அத்தை 17:45: என்னடி எழுதியிருக்கு

நான் 17:47: ஒரு பக்கம் “காலை 9 - 10½”. இன்னொரு பக்கம் “ப்பாதிரிப்புலி”ன்னு பாதி. மீதி கிழிஞ்சிருக்கு.

பெரியப்பா 17:50: திருப்பாதிரிப்புலியூர். பாடலீஸ்வரர் கோயில் கல்யாணம்.

கடலூர் அத்தை 17:51: எங்க கல்யாணம் அங்கதான் நடந்துச்சி!!

மாமா 17:55: நம்ம பத்திரிகை ரோஸ் கலரு. இது வெள்ளை. முகூர்த்தமும் நமக்கு 6 - 7½. மறந்துட்டியா

கடலூர் அத்தை 17:56: உங்களுக்கு மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு

தம்பி 17:58: கிட்டாருக்குள்ள எதுக்கு பத்திரிகை வெச்சாரு?

பாரிஸ் சித்தப்பா 18:10: கம்பி உசரமா நின்னா விரல் வலிக்கும்டா. பள்ளத்தோட அந்த ஓரத்துல ஒரு அட்டைத் துண்டு குடுத்தா கழுத்து கொஞ்சம் பின்னால சாயும், கம்பி தாழ்ந்து வந்துடும். விசிட்டிங் கார்டு வைக்கறவங்க இருக்காங்க. அவரு கச்சேரிக்குப் போன எடத்துல கையில சிக்கினத வெச்சிருக்காரு.

மாமா 18:14: தூக்கிப் போட்றாத பாப்பா. அளவு பார்த்து வெச்சது. அப்படியே திரும்ப வை.

அம்மா 18:20: மஞ்சள் தடவினத குப்பையில யாரு போடுவா

*ஞாயிறு, செப்டம்பர் 7*

பெரியப்பா 7:30: உழைப்பே உயர்வு 🌷 காலை வணக்கம்

நான் 10:12: மாமா, பிக்கப்ல (கம்பி அதிர்வப் பிடிக்கற காயில்) மீட்டர் வெச்சேன். 6.8 கிலோ ஓம்.

மாமா 10:13: ஆஹா. காயில் உயிரோட இருக்கு. அது அறுந்திருந்தா பெரிய வேலை. மோட்டார் காயில் கட்ற கடையில அவ்ளோ மெல்லிசு ஒயர் இருக்காது, தலைமயிர் மாதிரி சன்னம்.

நான் 10:20: ஸ்பீக்கர் பாக்ஸ்ல சொருகினேன். ஊங்காரம்தான் வருது. வால்யூமத் திருப்பினா கரகரங்குது.

மாமா 10:22: கரகரக்கு கான்டாக்ட் கிளீனர் அடிச்சி இருபது தடவ இப்படியும் அப்படியும் திருப்பு. ஊங்காரத்துக்கு ஒண்ணு சொல்லு. கம்பிய கையால தொட்டா சத்தம் குறையுதா கூடுதா?

நான் 10:24: கூடுது மாமா

மாமா 10:25: அப்ப பிரிட்ஜுக்குப் போற எர்த் ஒயர் அறுந்துபோச்சி. கம்பிய இப்ப எர்த்து பிடிச்சி வைக்கல, அதான் நீ தொட்டதும் உன் உடம்பு ஆன்டெனா மாதிரி இரைச்சல சேத்துக் குடுக்குது. பிரிட்ஜ் தகட்டக் கழட்டிப் பாரு, துருப்பிடிச்ச துண்டு ஒயர் இருக்கும்.

நான் 11:02: இருந்துச்சு!!! தொட்டதும் பொடியா உதிர்ந்துடுச்சு.

மாமா 11:03: புது ஒயர் போட்டு ஈயம் வை. தகட்ட உப்புத்தாள் போட்டு பளபளன்னு தேச்சிட்டு வை, துரு மேல ஈயம் ஒட்டாது.

கடலூர் அத்தை 11:05: காலையிலேர்ந்து ஃபோன கீழ வைக்கல உங்க மாமா. ரிடையர் ஆனதுக்கு அப்புறம் இன்னைக்குத்தான் மூஞ்சியில சிரிப்பப் பாக்கறேன்

*ஞாயிறு, செப்டம்பர் 14*

நான் 16:30: கழுத்து நேராயிடுச்சு. மூணு கால் சுத்து, மூணு நாள். கழுத்து ஸ்க்ரூ ஓட்டை ரெண்டு லூசா இருந்துச்சு. மூங்கில் குச்சியில ஃபெவிகால் தடவி அடைச்சு, காய்ஞ்சதும் புதுசா ஓட்டை போட்டேன். இனி பெயிண்ட சுரண்டலாமா மாமா?

மாமா 16:31: இப்ப சுரண்டு 👍

நான் 16:40: நம்ம தெரு பாலிஷ் ஆசாரிகிட்ட காட்டினேன். ஹீட் கன் வேணாம்னுட்டாரு, பசை விட்டு அடுக்கு பிரிஞ்சிடுமாம். ரிமூவர் தடவி ஊறவிட்டு, உடைஞ்ச கண்ணாடித் துண்டால இழுக்கச் சொன்னாரு. சுருள் சுருளா வருது, பாக்கவே திருப்தியா இருக்கு. (படம்)

பெரியப்பா வீட்டு அண்ணன் 16:44: அடுக்கா?

நான் 16:45: பிளைவுட் அண்ணா. ஓரத்துல பாரு, பரோட்டா மாதிரி அடுக்கடுக்கா தெரியுது. ரோஸ்வுட் எல்லாம் இல்ல.

பெரியப்பா 16:52: நாப்பது வருஷமா ஊர் முழுக்க ரோஸ்வுட்னு சொல்லிட்டேனே.

கடலூர் அத்தை 16:53: அப்பாவே அப்படித்தான் நம்பினாரு. அப்படியே இருக்கட்டும் விடுங்க

*செவ்வாய், செப்டம்பர் 16*

நான் 21:18: தப்பு பண்ணிட்டேன். 120 நம்பர் உப்புத்தாளக் கையிலயே வெச்சுத் தேச்சேன், கட்டை வெச்சுத் தேய்க்கல. மேல் வளைவுல ஒரு இடத்துல மேல் பட்டை போயி கீழ் அடுக்கு வந்துடுச்சு. குறுக்கு ரேகை. அஞ்சு ரூபா காசு அளவு. (படம்)

அம்மா 21:20: அதுக்கு போய் அழுதுட்டு உக்காந்திருக்கா. சாப்பிடல.

மாமா 21:22: கை வெச்சா நாலு தப்பு வரத்தான் செய்யும். சாப்புடு.

பாரிஸ் சித்தப்பா 22:05: அது உன் முழங்கை படற இடம்மா. வாசிக்க வாசிக்க எப்படியும் தேயற இடம்தான்.

நான் 22:30: ஆசாரி சொன்னாரு, கலர் பொடிய ஸ்பிரிட்ல கரைச்சு அந்த இடத்துக்கு மட்டும் ரெண்டு கை டச்சிங் குடுக்கலாம், கிட்ட வந்து பார்த்தாத்தான் தெரியும்னு. அடுத்து 220, 320.

*வெள்ளி, செப்டம்பர் 19*

தம்பி 13:00: கம்பி வந்துடுச்சு!! நானே ஆர்டர் போட்டேன் 😎 2,150 ரூபா

பாரிஸ் சித்தப்பா 13:41: என்ன நீளத்துக்குப் போட்ட?

தம்பி 13:42: பேஸுக்கு. நீளம்னா?

பாரிஸ் சித்தப்பா 13:45: தலைப்பக்கம் கம்பி உக்கார்ற நட்டுலேர்ந்து (ட்ரஸ் ராட் நட்டு இல்ல) பன்னெண்டாவது கட்டை வரைக்கும் அளந்து ரெண்டால பெருக்கு.

நான் 13:50: 15 இன்ச். அப்ப 30.

பாரிஸ் சித்தப்பா 13:52: ஷார்ட் ஸ்கேல். சாதாரண பேஸ் 34 இன்ச். அந்தக் கம்பிய இதுல போட்டா தடிச்ச பாகம் முறுக்கியில போயி சுத்தும், வளையாது, சுத்தின ஒயர் பிரிஞ்சும் போகும். திருப்பி அனுப்பு.

தம்பி 13:53: பாக்கெட்ட பிரிச்சிட்டேன்

அம்மா 13:54: 2,150 ரூபா

அம்மா 13:54: கொடி கட்டறதுக்கு ஆகுமா அது

பாரிஸ் சித்தப்பா 13:58: என் ஃப்ரெண்ட் அடுத்த வாரம் பாண்டி வரான். ஷார்ட் ஸ்கேல் செட்டு குடுத்து விடறேன்.

*ஞாயிறு, செப்டம்பர் 21*

நான் 9:00: அரக்கு பாலிஷ் ஆரம்பிச்சாச்சு. 100 கிராம் அரக்குச் செதில், அரை லிட்டர் ஸ்பிரிட். ராத்திரியே ஊறப்போட்டு வேட்டித் துணியில வடிகட்டிட்டேன். தேன் கலர்ல இருக்கு.

பெரியப்பா 9:06: கிராமபோன்ல ஓடற அந்தக் காலத்து 78 ரெக்கார்டும் அரக்குல செஞ்சதுதான். கீழ விழுந்தா அப்பளமா நொறுங்கும். எங்க தாத்தாகிட்ட ஒரு பெட்டி இருந்துச்சு, நானும் உங்கப்பாவும் காலி பண்ணோம்.

நான் 18:50: காலையில மூணு கை குடுத்தேன், கண்ணாடி மாதிரி இருந்துச்சு. சாயங்காலம் மழை பிடிச்சுது, நிறுத்தாம நாலாவது கை போட்டேன். இப்ப பாருங்க. மோர் ஊத்தின மாதிரி வெள்ளையா பூத்துடுச்சு. (படம்)

மாமா 18:53: ஸ்பிரிட் ஆவியாகறப்ப மேல்பக்கம் ஜில்லுன்னு ஆவுது இல்ல, அதுல காத்துல இருக்கற ஈரம் படிஞ்சிருக்கும். ஐஸ் தண்ணி டம்ளர்ல வேர்க்கற மாதிரி.

நான் 19:20: ஆசாரியும் அதேதான் சொன்னாரு. சுரண்ட வேணாமாம். வெயில் வந்ததும் துணியில பட்டும் படாம ஸ்பிரிட் தொட்டு ஒரே இழுப்பு, நடுவுல கை நிக்கக்கூடாது. அரக்கு மறுபடி கரைஞ்சு ஈரம் வெளிய போயிடுமாம்.

*செவ்வாய், செப்டம்பர் 23*

நான் 12:10: போயிடுச்சு!!!!! (படம்)

கடலூர் அத்தை 12:15: பலாச்சுளை கலரு. பண்ருட்டிச் சுளை.

*புதன், அக்டோபர் 1*

பெரியப்பா 6:45: அனைவருக்கும் ஆயுத பூஜை நல்வாழ்த்துகள் 🙏🌺

அம்மா 9:30: கிட்டார பூஜையில வெச்சாச்சு. (படம்)

நான் 9:31: அம்மா சந்தனம் எங்க வெச்ச???

அம்மா 9:31: நடுவுல. குங்குமமும் வெச்சேன்.

நான் 9:32: அரக்கு மேல ஈரம் படக்கூடாதும்மா!!!! உடனே தொடை. ஆபீஸ்ல இருக்கேன், தம்பிய எழுப்பு

தம்பி 9:36: தொடச்சிட்டேன். லேசா வட்டமா வெள்ளை தெரியுது.

மாமா 9:40: பிரிட்ஜ் தகட்டு மேல வைக்கச் சொல்லு. இரும்புக்கு ஒண்ணும் ஆவாது, சாமிக்கும் தெரியும்.

அம்மா 9:44: தகட்டுல வெச்சாச்சு. அந்த வட்டம் அப்படியே இருக்கட்டும்.

*சனி, அக்டோபர் 4*

நான் 18:05: பாரிஸ் கம்பி ஏத்தியாச்சு. பத்திரிகை மூலையையும் பழைய இடத்துல வெச்சாச்சு. அது இல்லாம ஒரு தடவ ஏத்திப் பார்த்தேன், கம்பி உசரமா நின்னுது. பன்னெண்டாவது கட்டையில அழுத்தினா சுருதி கொஞ்சம் ஏறி நின்னுது, பிரிட்ஜ்ல கம்பி உக்கார்ற சேடில பின்னால தள்ளித் தள்ளி சரி பண்ணிட்டேன். மொத நோட்டு, தடிச்ச கம்பி. (குரல் செய்தி 0:21)

பெரியப்பா 18:08: டிக் டிக்குன்னுதான் கேக்குது.

பெரியப்பா வீட்டு அண்ணன் 18:09: எனக்கும்

கடலூர் அத்தை 18:10: ஒண்ணும் வரலயேம்மா

மாமா 18:12: ஃபோன் ஸ்பீக்கர்ல எப்படி வரும். அந்தக் கம்பி செகண்டுக்கு 41 தடவதான் அதிரும். பட்டாணி சைஸ் ஸ்பீக்கரால அந்தக் காத்தத் தள்ள முடியாது. இரு, என் பழைய ஆம்ப்ளிஃபயர்ல போட்றேன்.

மாமா 18:31: போட்டாச்சி.

கடலூர் அத்தை 18:33: ஷெல்ஃப்ல எவர்சில்வர் டம்ளரெல்லாம் கிணுகிணுங்குது

கடலூர் அத்தை 18:34: அப்பா பழகறப்ப அம்மா இதுக்குத்தான் திட்டுவாங்க

கடலூர் அத்தை 18:41: இன்னொரு தடவ வாசிச்சி அனுப்புடி. கொஞ்சம் நீட்டா

நான் 18:42: இதோ அத்தே

அம்மா 18:43: வாசிச்சிட்டு அந்தப் பெட்டிய சோபாவுலேர்ந்து எடு. ஏழு மணிக்கு ஆளு வராங்க.