ரொட்டி மெஷின்: நம்ம ஊர்ச் சூட்டுக்கு ஏற்ற அளவு

மாவுடப்பா, சுங்கை சிப்புட், மலேசியா:
மெஷினோடு வரும் சமையல் புத்தகத்தை அப்படியே நம்பினால் ரொட்டியின் நடுமண்டை குழிந்துதான் வரும். குளிர்ந்த அடுப்படிக்கு எழுதிய அளவு அது. இங்கே மதியம் 31, 32 டிகிரி. பிசையும்போது உரசலில் மாவு இன்னும் சூடேறும். ஈஸ்ட் முன்கூட்டியே உப்பவைத்துவிடும். ஹீட்டர் பிடிப்பதற்குள் மாவு தன் பலத்தை எல்லாம் செலவழித்து அமுங்கிவிடும்.

முக்கால் கிலோ அளவு ரொட்டிக்கு: ரொட்டி மாவு 400 கிராம், தண்ணீர் 240 மில்லி, சீனி 30 கிராம், உப்பு 7 கிராம், பால்மாவு 15 கிராம், பட்டர் 30 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3 கிராம், அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூன். தராசு இல்லாமல் கப்பில் அளப்பதை விட்டுவிடுங்கள். மாவை அமுக்கி அள்ளினால் ஒரு கப்புக்கு 20, 30 கிராம் கூடிவிடும்.

தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சியாக இருக்க வேண்டும்? பிசைந்து முடித்த மாவு 27 டிகிரியில் நிற்க வேண்டும். மாவு, அறை, தண்ணீர் என்று மூன்று சூடு, அதனால் மூன்றால் பெருக்கினால் 81. அதில் மாவின் சூடு 30, அறைச் சூடு 30, உரசலுக்கு ஏறக்குறைய 10 கழித்தால் 11, அதுதான் தண்ணீரின் சூடு. ஐஸ்பெட்டியிலிருந்து (ஃபிரிட்ஜ்) எடுத்த தண்ணீரை அப்படியே ஊற்றலாம்.

பெரும்பாலான மெஷினில் தண்ணீர் முதலில், மேலே மாவு, மூலைகளில் உப்பும் சீனியும், நடுவில் குழி போட்டு ஈஸ்ட். சிலவற்றில் ஈஸ்ட் அடியில், தண்ணீர் கடைசி. இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் புத்தகத்தைக் கேளுங்கள்.

லயத்து அடுப்பு:
அண்ணே, மாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம். சாமான் கடையில் ரொட்டி சானாய்க்கு வாங்குகிற சாதாரண கோதுமை மாவில் புரதம் 9 முதல் 11 சதவீதம். ரொட்டி மாவில் 12க்கு மேல். கேக் சாமான் கடையில் கேட்டால் கிடைக்கும். சாதாரண மாவுதான் இருக்கிறது என்றால் தண்ணீரை 20 மில்லி குறையுங்கள்; ரொட்டி குட்டையாகத்தான் வரும், ஆனால் வேகும்.

ஆட்டா நேர் எதிர். கல்லில் அரைத்த மாவு தண்ணீரைக் குடிக்கும், 20 முதல் 30 மில்லி கூட வேண்டும். முழுக்க ஆட்டாவில் போட்டால் செங்கல்தான். பாதிக்குப் பாதி கலந்தால் சாப்பிடலாம். கேழ்வரகில் மாவை இழுத்துப் பிடிக்கும் பசைப்புரதமே (குளூட்டன்) இல்லை, 400 கிராமில் 60ஐத் தாண்ட வேண்டாம்.

அளவு எதுவானாலும் பிசையத் தொடங்கி ஏழெட்டு நிமிஷத்தில் மூடியைத் திறந்து பாருங்கள். மாவு ஒரே உருண்டையாகச் சுற்ற வேண்டும், விரலில் லேசாக ஒட்டி, உடனே விட்டுவிட வேண்டும். அடியில் குழம்பாகத் தேங்கினால் ஒரு மேசைக்கரண்டி மாவு. டொக்டொக்கென்று இடித்தால் ஒரு டீஸ்பூன் தண்ணீர். மழைக்காலத்தில் மாவே ஈரம் இழுத்திருக்கும், அதனால் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் 10 மில்லி கையில் வைத்துக்கொள்வது நல்லது. பிரித்த ஈஸ்ட் பாக்கெட் அலமாரியில் இருந்தால் செத்ததுக்குச் சமம். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு உறைபெட்டியில் வையுங்கள்.

ஸ்பேனர்:
மெஷின் பக்கம் நான் சொல்கிறேன். பண்டல் கடைகளில் (பழைய சாமான் விற்கும் கடை) ஜப்பான் மெஷின் மலிவாகக் கிடக்கும். பின்பக்கம் 100 வோல்ட் என்று இருந்தால் நம் வீட்டு பிளக்கில் நேராகச் சொருகாதீர்கள், இங்கே 230. உள்ளே போர்டு புகைந்துவிடும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் அதன் வாட்ஸ் மெஷினுடையதைவிடத் தாராளமாகக் கூட இருக்க வேண்டும். அந்தக் காசையும் சேர்த்துப் பார்த்தால் மலிவு என்பது பொய்.

மாவு போடும் டின்னுக்கு அடியில் கறுப்பு எண்ணெய் கசிந்தால், துடுப்பைச் சுற்றும் தண்டின் சீல் போய்விட்டது. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: முழு டின்னையும் சிங்க்கில் ஊறப்போடுவது. வெந்நீரை டின்னுக்குள் மட்டும் ஊற்றிப் பத்து நிமிஷம் விடுங்கள், மாவு பிசையும் துடுப்பு தானாகக் கழலும். மோட்டார் ஓடுகிற சத்தம் வருகிறது, துடுப்பு சுற்றவில்லை என்றால் பெல்ட் தளர்ந்திருக்கும் அல்லது அறுந்திருக்கும். துடுப்பின் துளை தேய்ந்தாலும் அப்படித்தான் ஆகும், முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள், பெல்ட்டுக்குப் போவதற்கு முன்.

இடி மழையில் கரண்ட் வெட்டி வந்தால் சில மெஷின் விட்ட இடத்திலிருந்து தொடரும், சிலது முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஆரம்பித்துவிட்டால் நிறுத்தி, மாவை எடுத்து ஓவன் அடுப்பில் சுடுங்கள். இரண்டாம் முறை பிசைந்தால் ஒன்றும் மிஞ்சாது.

பாண்டான்:
அக்கா, தண்ணீருக்குப் பதில் சந்தான் (தேங்காய்ப்பால்) ஊற்றலாமா? ராத்திரி டைமர் போட்டு விடிகாலை ஐந்து மணிக்கு ரொட்டி வேண்டும்.

லயத்து அடுப்பு:
சந்தான் ஊற்றலாம், டைமர் கூடாது. எட்டு மணி நேரம் இந்தச் சூட்டில் சந்தான், பால், முட்டை எதுவும் தாங்காது. டைமருக்குத் தண்ணீரும் பால்மாவும்தான். ஈஸ்ட் தண்ணீரைத் தொடாமல் மாவு மேல் உலர்ந்து கிடக்க வேண்டும். ராத்திரி ஊற்றிய தண்ணீரின் குளிர்ச்சி விடிவதற்குள் போய்விடும், அதனால் ஈஸ்ட்டை இரண்டரை கிராமாக்குங்கள்.

பகலில் போடும்போது 240 மில்லியில் 150 பெட்டிச் சந்தான், மீதி ஐஸ்தண்ணீரும் பாண்டான் இலைச் சாறும். சந்தானிலேயே கொழுப்பு இருக்கிறது, பட்டரை 10 கிராமாகக் குறைக்கவும். பால்மாவு வேண்டாம்.

மாவுடப்பா:
மணி அடித்ததும் ரொட்டியை டின்னிலிருந்து எடுத்துவிட வேண்டும். விட்டால் ஆவியில் பக்கம் எல்லாம் நமுத்துப்போகும். கம்பித்தட்டில் ஒரு மணி நேரம் ஆறட்டும், பிறகு கத்தி. மிஞ்சியதை ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் சீக்கிரம் விறைக்கும். வெட்டி உறைபெட்டியில் போடுங்கள். மெஷினுக்குள் உதிர்ந்த தூளை அன்றைக்கே துடைத்துவிடுங்கள், எறும்பு மறுநாள் வரை காத்திருக்காது.