மரணம் கதை சொல்கிறது என்று சொன்னால் கதை போய்விடுமா?

பான்சோடன் வாசகி:
மார்கஸ் சூசக்கின் 'தி புக் தீஃப்' நாவலைப் புகழ்கிறேன் என்று நேற்று ஒருவர் இங்கே ஆரம்பித்து, இரண்டாவது வரியிலேயே கதை சொல்வது மரணம்தான் என்று போட்டு உடைத்துவிட்டார். ஆத்திரம் தாங்கவில்லை. நாஜி ஜெர்மனி, வளர்ப்பு வீட்டுக்கு வரும் ஒரு சிறுமி, புத்தகம் திருடுகிறாள், படித்து அழுதேன். இவ்வளவு சொன்னால் போதாதா?

பெகு தம்பி:
அக்கா, எழுதியது நான்தான். மரணம் பேசுவது முதல் பக்கத்திலேயே இருக்கிறது. முதல் பக்கத்தில் இருப்பதைச் சொன்னால் குற்றமா?

பான்சோடன் வாசகி:
முதல் பக்கத்தில் அது தன் பெயரைச் சொல்லவே இல்லை தம்பி. நீ சாகப் போகிறாய் என்றுதான் நம்மிடம் சொல்கிறது. பேசுவது யார் என்று நாமே கண்டுபிடிக்கும்போது முதுகில் ஒரு சில்லிப்பு ஓடுமே, அதை நீங்கள் பிடுங்கிவிட்டீர்கள்.

பெகு தம்பி:
முதல் பக்கம் அக்கா, முதல் பக்கம்! நான் முடிவைச் சொன்னேனா? போன வாரம் ராத்திரி கரண்ட் இல்லை, போன் வெளிச்சத்தில் படித்துக்கொண்டிருந்தேன். வளர்ப்பு அப்பா பெயின்டர், உப்புத்தாளின் பின்பக்கத்தில் எழுத்து எழுதி அந்தப் பெண்ணுக்குப் படிக்கச் சொல்லித் தருகிறார், அப்புறம் நிலவறைச் சுவரிலேயே பெயின்ட்டால் சொற்களை எழுதுகிறார்கள். எங்கள் தாத்தா எனக்கு அரிசியில் அ போடச் சொல்லிக் கொடுத்தது ஞாபகம் வந்து அழுதுவிட்டேன். இந்தப் புத்தகத்தைப் பத்துப் பேராவது படிக்க வேண்டும் என்றுதான் எழுதினேன்.

மோல்மீன் அண்ணன்:
இரண்டு பேரும் எதற்குச் சண்டை? ஒரு முக்கியமான ஆள் சாகப்போவதை நடுவிலேயே சூசக்கே சொல்லிவிடுகிறார். தெரிந்த பிறகும் கடைசியில் அழுகிறோமே, அதுதான் எழுத்து.

பான்சோடன் வாசகி:
அண்ணே! இன்னும் படிக்காதவர்கள் இருக்கிறார்கள். ஏன் இப்படிச் செய்தீர்கள்?

பெகு தம்பி:
பார்த்தீர்களா, நான் சொன்னது முதல் பக்கம், அண்ணன் சொன்னது நடுப்பக்கம். திட்டு மட்டும் எனக்கு.

மோல்மீன் அண்ணன்:
பெயரைச் சொன்னேனா? போர்க்கால நாவலில் ஆள் சாவான் என்பது யாருக்குத் தெரியாது? அதுவும் போக, தமிழில் எவ்வளவு நாவல் இருக்கிறது, அதைப் பற்றி இங்கே ஒரு வரி வருவதில்லை.

பான்சோடன் வாசகி:
போன வருஷம் என்னிடம் வாங்கிப்போன தமிழ் நாவல் இரண்டும் இன்னும் உங்களிடம்தான் இருக்கின்றன அண்ணே. அதற்கு முன்னால் வாங்கியது மோஹிங்கா மீன் சூப் கறையோடு திரும்பி வந்தது.

மோல்மீன் அண்ணன்:
அந்தக் கறை நான் வாங்கும்போதே இருந்தது.

பெகு தம்பி:
கறையை விடுங்கள். முதல் பக்கத்துக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை.

பான்சோடன் வாசகி:
சொன்னேன். பெயர் இல்லை. போய் இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள்.

பெகு தம்பி:
புத்தகம் கையில்தான் இருக்கிறது. படம் எடுத்துப் போடுகிறேன், கரண்ட் வரட்டும்.