லண்டனில் வீடு வாங்கியபின் ரிப்பேர் செலவு: சர்வேயரிடம் எவ்வளவு கேட்டு வாங்கலாம்?

ஹாரோவாசி:

இங்கே வீடு வாங்கும்போது, வீட்டின் நிலையைப் பார்த்து அறிக்கை தரும் சர்வேக்கு நம்மில் பலர் பணம் கட்டுகிறோம். சர்வேயர் ஒழுங்காகப் பார்க்காமல் விட்டால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் வாங்கியது 1930களில் கட்டிய செமி, அதாவது ஒரு பக்கம் அடுத்த வீட்டோடு ஒட்டிய வீடு. கீழ்த்தளத்தில் மரத் தரை. லெவல் 2 என்கிற நடுத்தர சர்வே எடுத்தோம். கார்பெட் விரித்திருந்ததால் தரையைத் திறந்து பார்க்கவில்லை என்று ஒரு வரி இருந்தது. ஆனாலும் தரைக்கு, குறை இல்லை என்கிற பச்சைக் குறிதான் போட்டிருந்தார்கள். முதல் குளிர்காலத்திலேயே பின்னறையில் கால் வைத்தால் தரை அமுங்கியது. பில்டர் வந்து இரண்டு பலகையைக் கழற்றினார். ஜாயிஸ்ட் என்கிற மரச்சட்டங்கள் சுவருக்குள் நுழையும் இடத்தில் இற்றுப்போய், விரலால் தொட்டாலே உதிர்ந்தன.

காரணம் வெளியே இருந்தது. முன்பு இருந்தவர்கள் பின்பக்கம் பேட்டியோ என்கிற கல் பாவிய தளம் போட்டபோது, தரைக்கடியில் காற்று போக வைத்த ஏர் பிரிக் என்கிற ஓட்டைச் செங்கல்களை மூடிவிட்டார்கள். வெளியே தரைமட்டம், ஈரம் மேலே ஏறாமல் சுவரில் வைக்கும் தடுப்பான டாம்ப் கோர்ஸுக்குக் குறைந்தது 150 மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும். இங்கே பேட்டியோ அதற்கு மேலேயே ஏறி நின்றது. தரைக்கடியில் காற்றோட்டம் இல்லை, மழைநீர் சுவரில் ஊறிக்கொண்டே இருந்திருக்கிறது.

கார்பெட்டுக்கு அடியில் இருப்பதைச் சர்வேயர் பார்த்திருக்க முடியாது, சரி. பேட்டியோவை யாரும் மூடி வைக்கவில்லையே! முன்சுவரில் ஏர் பிரிக் இருக்கிறது, பின்சுவரில் ஒன்றுகூட இல்லை. அதைக் கண்டவர் ‘வாங்குமுன் தரையைத் திறந்து பாருங்கள்’ என்று எழுதியிருக்க வேண்டும். எங்கள் புகார் முழுக்க அந்த ஒரு விஷயத்தில்தான் நின்றது.

அப்புறம் சுவர் ஈரத்தைச் சரிசெய்யும் ஒரு டாம்ப் கம்பெனிக்காரர் இலவசமாகப் பார்த்துவிட்டு, சுவரில் துளை போட்டு கெமிக்கல் ஏற்ற வேண்டும் என்றார். தயவுசெய்து இதில் கவனமாக இருங்கள். மேலே ஏறிய மண்ணையும் பேட்டியோவையும் இறக்காமல் சுவருக்குள் மருந்து ஏற்றி என்ன பயன்? எதையும் விற்காத, தனியாகக் கட்டணம் வாங்கும் ஒருவரைக் கூப்பிட்டோம். காரணத்தைச் சரியாகச் சொன்னவர் அவர்தான்.

ஜாயிஸ்ட், பலகை, பேட்டியோ எல்லாம் சேர்த்து 14,600 பவுண்ட் ஆனது. அதை அப்படியே கேட்கலாம் என்றுதான் நானும் மனைவியும் நினைத்தோம். எங்கள் வக்கீலான சொலிசிட்டர், ‘வாட்ஸ் எதிர் மாரோ’ என்கிற பழைய வழக்கை எடுத்துக் காட்டினார். 177,500 பவுண்டுக்கு வாங்கிய வீடு, ரிப்பேர் ஏறக்குறைய 34,000. ஆனால் 1991-ல் அப்பீல் நீதிமன்றம் கொடுத்தது, குறைகளால் வீட்டின் மதிப்பு குறைந்த 15,000-ம், மன உளைச்சலுக்கு ஆளுக்கு 750-ம் மட்டுமே. கணக்கு இதுதான்: வாங்கிய நாளில் அந்தக் குறை தெரிந்திருந்தால் வீடு எவ்வளவு குறைந்த விலைக்குப் போயிருக்கும்? பில்டரின் பில் அதற்கு ஓர் ஆதாரம், அவ்வளவே. அதனால் வாங்கிய தேதிக்கான மதிப்பீடு ஒன்றை எடுத்துக் கொடுத்தோம். சர்வேயரின் இன்சூரன்ஸ் கம்பெனி 9,000-க்கு இறங்கி வந்தது. மீதி எங்கள் கையிலிருந்து போனது. இது நியாயமாக எனக்குப் படவில்லை, இன்றைக்கும் கோபம்தான்.

டூட்டிங் அக்கா:

தம்பி, உங்களுக்குச் சர்வேயாவது இருந்தது. எங்கள் ஆட்களில் பலர் வங்கி அனுப்பும் வேல்யுவேஷன் என்கிற விலை மதிப்பீட்டையே சர்வே என்று நம்பிவிடுகிறார்கள். அது வங்கி தன் கடனுக்காகப் பார்ப்பது. என் தங்கை வீட்டில் கீழே சிம்னியை இடித்து அறையைப் பெரிதாக்கியிருந்தார்கள், மேலே இருந்த செங்கல் பாரம் முழுக்கத் தாங்கல் இல்லாமல் நின்றது. ஸ்டீல் போட்டு எடுக்க 5,000-க்கு மேல் போனது. கவுன்சிலின் கட்டட அனுமதிச் சான்றும் இல்லை.

ஆனால் கேட்கவே வழியில்லை என்று விட்டுவிடாதீர்கள். நாரிச்சில் இதே மாதிரி சிம்னி, வீடு வாங்கி ஒன்றரை வருடத்தில் கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுந்தது. கடன் கொடுத்த சொசைட்டிக்காகப் பார்த்த சர்வேயரே வீடு வாங்கிய அம்மாவுக்கும் பொறுப்பு என்று 1989-ல், அப்போது மிக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது, ஸ்மித் எதிர் புஷ் வழக்கில். சாதாரண விலை வீடு வாங்குகிறவர் அந்த அறிக்கையை நம்பித்தான் வாங்குவார் என்று நீதிபதிகள் பார்த்தார்கள். தங்கைக்கும் சொலிசிட்டரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

சர்வே வேலையில் இருப்பவன்:

அண்ணா சொன்னது சரி, அக்கா சொன்னதும் சரி. நான் இரண்டு விஷயம் சேர்க்கிறேன். ரிக்ஸ் (RICS) என்கிற சர்வேயர்களின் தொழில் அமைப்பில் பதிவான நிறுவனம் இழப்பீட்டுக் காப்பீடு வைத்திருக்க வேண்டும், புகார் கேட்க எழுதி வைத்த முறையும் வேண்டும். அங்கே தீராவிட்டால் வெளியே ஒரு தீர்ப்பாயத்துக்குப் போகும் வழியையும் அவர்கள் காட்ட வேண்டும். எனவே முதலில் புகார் கடிதம், பிறகுதான் கோர்ட்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுவாக 6 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். குறை பின்னால் தெரியவந்தால், கவனக்குறைவு என்ற வகையில், தெரிந்ததிலிருந்து 3 வருடம் கிடைக்கலாம். ஆனாலும் தள்ளிப்போடாதீர்கள். பழைய வீடு, நிறைய மாற்றிக் கட்டிய வீடு என்றால் இன்னும் விரிவான லெவல் 3 சர்வே எடுங்கள். கூடுதலாகக் கொடுக்கும் சில நூறு பவுண்டைப் பார்த்துத் தயங்க வேண்டாம்.

ஹாரோவாசி:

நன்றி தம்பி. ரிப்பேரை முதலில் செய்துவிட்டுப் புகார் கொடுக்கலாமா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். வேண்டாம். சர்வேயர் தரப்பு ஆள் வந்து பார்க்க வாய்ப்புக் கொடுங்கள். ஆபத்தான இடத்துக்கு மட்டும் முட்டுக் கொடுத்து வையுங்கள், அந்த பில்லையும் எடுத்து வையுங்கள். நாங்கள் பேட்டியோவை உடைக்குமுன் அளவு நாடாவை வைத்துப் படம் எடுத்தோம், இற்றுப்போன ஜாயிஸ்ட் துண்டுகளை கராஜில் பையில் கட்டி வைத்தோம். இன்சூரன்ஸ்காரர் கார்பெட் கதையைத் திரும்பச் சொன்னபோது அந்தப் படங்களைத்தான் அனுப்பினோம். அதற்குப் பிறகு அவர் கார்பெட்டைப் பற்றிப் பேசவில்லை.