புதுப்பிப்பு: எலிகு யேலின் மகன்கள்

போன பதிவில் நான் கேட்டது இதுதான்: 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையின் கவர்னராக இருந்த எலிகு யேலுக்கு, வைர வியாபாரி ஒருவரின் விதவையான இரோனிமா டி பைவா மூலம் சார்லஸ் அல்மான்சா என்று ஒரு மகன் உண்டா?

முதலில் உறுதியானது. 1680 நவம்பரில், புனித மேரி தேவாலயம் திறந்த சில நாட்களில், யேல் கேத்தரினை மணந்தார், அவரும் விதவை, முதல் கணவர் ஜோசப் ஹின்மர்ஸ். மகன் டேவிட் சிறுவயதிலேயே இறந்து ஹின்மர்ஸின் கல்லறையிலேயே அடக்கமானான். அவன் இறந்த ஆண்டைச் சிலர் 1687 என்றும் சிலர் 1688 என்றும் எழுதுவதால் இரண்டு குழந்தைகளோ என்று குழம்ப வேண்டாம், அன்று ஆங்கிலேயருக்கு மார்ச் 25-இல்தான் ஆண்டு பிறக்கும், அவன் இறந்த ஜனவரி அவர்களுக்கு 1687, நமக்கு 1688.

அல்மான்சா விஷயம் அப்படி இல்லை. யேலின் மகன் என்றுதான் பலரும் எழுதுகிறார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் ஊர்ப்பேச்சு வேறு, பதிவேடு வேறு. ஞானஸ்நானப் பதிவோ உயிலோ கையில் கிடைக்கும்வரை என் வம்ச வரைபடத்தில் அந்தக் கோடு புள்ளிக்கோடாகவே இருக்கும். அப்புறம், அல்மான்சா தென்னாப்பிரிக்காவில் இறந்ததாகச் சொல்கிறார்கள், அன்று டச்சுக்காரர்கள் வசமிருந்த கேப் டவுன் பக்க ஆவணங்களைப் படிக்க டச்சு தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.