நன்னாரி வேர்த் தேநீரில் மணம் தங்க மாட்டேன் என்கிறது, ஏன்?

கேள்வி:
காய்ந்த நன்னாரி வேர் ஒரு கைப்பிடி எடுத்து அலசி, அரை லிட்டர் தண்ணீரில் போட்டுப் பாதியாக வற்றும்வரை கொதிக்க வைக்கிறேன். அடுப்பில் இருக்கும்போது வீடே மணக்கிறது. டம்ளரில் ஊற்றினால் மணமே இல்லை. கருத்துப்போய், நாக்கைப் பிடிக்கிற துவர்ப்பு. வேரில் குறையா, பக்குவத்தில் குறையா?

பதில்:
வேர் நல்ல வேர்தான். வீடு மணந்ததே அதற்குச் சாட்சி. டம்ளருக்கு வரவேண்டியது ஆவியோடு போய்விட்டது. நன்னாரியின் மணப்பொருள், வெனிலாவுக்கு மணம் தரும் வெனிலினுக்கு நெருங்கிய உறவு, நீராவியோடு சுலபமாக வெளியேறும். துவர்ப்பைத் தரும் டானின் அப்படிப் போகாது, கொதிக்கக் கொதிக்க இறங்கிக்கொண்டே இருக்கும். பாதியாக வற்றவைப்பது கஷாயப் பக்குவம். தேநீருக்கு ஆகாது.

வேரின் வெடிப்புகளில் மண் ஒட்டியிருக்கும், மூன்று தண்ணீர் மாற்றி அலசுங்கள். பிறகு ஈரத்துணியில் அரை மணி நேரம் சுற்றி வைத்து, அம்மியில் போட்டுக் குழவியால் மெதுவாகத் தட்டுங்கள். பட்டை பிளந்து, நடுவில் வெளிர்மஞ்சளாக ஒரு குச்சி தனியே வரும். அதுதான் நடுநரம்பு, எடுத்துப் போட்டுவிடுங்கள். மணம் முழுக்கப் பட்டையில்தான்.

ஒரு டம்ளருக்கு, அதாவது 200 மில்லிக்கு, 5 கிராம் பட்டை. தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து, அதன் பிறகே பட்டையைப் போட்டு இறுக்கி மூடி 12 முதல் 15 நிமிடம் விடுங்கள். திறக்கும்போது மூடியின் அடியில் முத்து முத்தாகக் கோத்திருக்கும் நீரைப் பாத்திரத்துக்குள்ளேயே வழியவிடுங்கள். அதை உதறினால் மணத்தை உதறியதுபோல.

பதில்:
எந்தப் பாத்திரத்தில் காய்ச்சுகிறீர்கள்? இரும்பென்றால் டானினோடு சேர்ந்து மை மாதிரி கருக்கும். எவர்சில்வர், மண்சட்டி, கண்ணாடி எதுவும் சரி.

கேட்டவர்:
எவர்சில்வர்தான். அப்படியென்றால் வற்றவைத்ததுதான் தப்பு. கொதிநீரே இல்லாமல் ஊறவைக்கலாமா? இனிப்புக்கு அதிமதுரம் சேர்த்தால்?

பதில்:
தாராளமாக ஊறவைக்கலாம், என்னைக் கேட்டால் அதுதான் மேல். தட்டிய பட்டை 10 கிராமுக்கு அரை லிட்டர் ஆறிய தண்ணீர், மூடி போட்டு இரவு முழுக்க. துவர்ப்பு குறைவாக இறங்கும். காலையில் வடிகட்டி, வேண்டுமானால் கை பொறுக்கும் சூடு மட்டும் காட்டுங்கள். அன்றைக்கே குடித்துவிட வேண்டும்.

அதிமதுரத்தை நன்னாரியோடு ஒரே நேரத்தில் போடாதீர்கள். அது கட்டை வேர், சிறுதீயில் 5 நிமிடமாவது கொதித்தால்தான் இனிப்பு இறங்கும். ஒரு டம்ளருக்கு 1 கிராம் போதும். முதலில் அதைக் கொதிக்கவிட்டு, அணைத்தபின் நன்னாரிப் பட்டை. ஆனால் ரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதிமதுரம் வேண்டாம். அதிலுள்ள கிளிசிரைசின் உடம்பில் உப்பைத் தேக்கி பொட்டாசியத்தைக் குறைக்கும், அழுத்தம் ஏறும். அவர்களுக்குப் பனங்கற்கண்டு போதும்.

பதில்:
வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். கட்டைவிரல் பருமனில் சதைப்பற்றாக இருந்தால் அது மாகாளிக் கிழங்கு. மணம் அதே மணம்தான், ஏமாந்துபோவது சுலபம். நன்னாரி மெல்லியதாக, கம்பி மாதிரி நீண்டு வளைந்திருக்கும். பொடியாக வாங்க வேண்டாம், மணம் சீக்கிரம் போய்விடும். முழு வேராகவே நிழலில் உலர்த்திக் காற்றுப் புகாத கண்ணாடி ஜாடியில் வைத்து, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் தட்டிக்கொள்ளுங்கள்.